முப்பத்தொன்றாவது ஆள்

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். ஆபீஸின் இருட்டு மாடிப்படியில் யாரோ தடுமாறித் தடுமாறி ஏறி வரும் சத்தம் கேட்டது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர், அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவருடைய மனைவி. கண் ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கொடுப்பார்களே, பக்கவாட்டிலும் மூடியிருக்கும் கண்ணாடி... அது.

வந்தவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னச் சீட்டை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். அதில் '1' என்று அச்சாகியிருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"இந்த ஒண்ணாம் நம்பரு எங்க சார் போச்சு?" என்று கேட்டார் மனைவி. "கண்ணாஸ்பத்திரி கம்ப்யூட்டருக்கு நீங்கதான புரோகிராமு போட்டது? அங்க கேட்டா உங்களப் போய்க் கேக்கச் சொல்றாங்க."

வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். தேரடி வீதியில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல், மூன்று கம்ப்யூட்டரும் இரண்டு ஊழியர்களும் வைத்துக்கொண்டு சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிறேன் என்று சொல்லிக்கொள்கிறவன் நான். இருவரில் பிரகாஷ் புரோகிராம் எழுதுவான். கோமதி அதைப் பரீட்சை பார்ப்பாள். நான்? அதிகாரம் பண்ணுவேன். அதைத்தான் இந்த வாரம் எழுத வந்திருக்கிறேன்.

கண்ணாடி போட்டவர் பெயர் ஏழுமலை. பால் வேன் டிரைவர். மனைவி மல்லிகா. இரண்டு மாதம் முன்பு அவருக்குக் கண் புரை ஆபரேஷன். "டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கினு திங்கக்கிழமை காலைல வா, வண்டிச் சாவி தர்றேன். வரலன்னா வேற ஆளப் போட்டுடுவேன்" என்று வேன் முதலாளி சொல்லியிருக்கிறார். டாக்டரம்மா வேலூரிலிருந்து சனிக்கிழமை மட்டும்தான் இங்கே வருவார். ஆகவே மனிதர் விடிந்ததும் முதல் பஸ் பிடித்து, ஆஸ்பத்திரிக் கதவு திறக்கும் முன்பே போய் நின்று, முதல் டோக்கன் வாங்கியிருக்கிறார்.

மத்தியானம் இரண்டு மணி வரைக்கும் உட்கார்ந்திருக்கிறார். இரண்டாம் நம்பரைக் கூப்பிட்டார்கள். மூன்றைக் கூப்பிட்டார்கள். ஒன்றைக் கூப்பிடவே இல்லை.

"கேக்கலியாங்க?" என்றேன்.

"நாலு தபா கேட்டேன் சார்" என்றார் ஏழுமலை. முதல் முறையாக வாய் திறந்தார். "கூப்புடுவாங்க, உக்காருங்கன்னாங்க. டாக்டரம்மா கார்ல ஏறிப் போன பெறவு, உங்க பேரே கம்ப்யூட்டர்ல இல்லியேன்னாங்க. சீட்டக் காமிச்சேன். போன வாரத்துச் சீட்ட வெச்சிகினு ஏமாத்தப் பாக்கறீங்களான்னு கேட்டாங்க சார்."

சீட்டில் தேதி இல்லை, பெயர் இல்லை. வெறும் நம்பர். அதை அப்படி அச்சடிக்கச் சொன்ன மகானுபாவன் யார்? நான்தான்.

அதோடு போயிற்றா? நேராக முதலாளியிடம் போய் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். முதலாளி ஆஸ்பத்திரிக்கு போன் போட்டிருக்கிறார். அப்படி ஒரு பேர் இன்றைய லிஸ்டில் இல்லை என்று பதில் வந்திருக்கிறது. "கம்ப்யூட்டர்லயே இல்லன்னா நீ போகவே இல்லன்னு அர்த்தம். கண்ணு சரியாவல, அத மறைக்கறே" என்று சொல்லிவிட்டாராம்.

"பதினெட்டு வருஷமா ஓட்டறாரு சார். ஒரு நாள் பொய் சொன்னது கெடயாது" என்றார் மல்லிகா. "இன்னிக்கு உங்க பொட்டி சொல்லுது, இவரு பொய்யின்னு."

இந்த இடத்தில் நான் சொன்ன பதிலை உங்களிடம் மறைத்துவிடலாம். மறைக்கப் போவதில்லை. "கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதும்மா, அங்க பேரைப் பதியாம விட்டிருப்பாங்க" என்றேன். கூசாமல் சொன்னேன்.

மூலையில் உட்கார்ந்திருந்த கோமதி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குக் காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. உங்களுக்குத் தெரிய வேண்டுமானால் இரண்டு மாதம் பின்னால் போக வேண்டும்.

அந்த ஆஸ்பத்திரிக்கு டோக்கன் புரோகிராம் கேட்டபோது டாக்டரம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். ஒரு நாளைக்கு முப்பது பேர். முப்பதுக்கு மேல் ஒரு பெயர்கூட ஸ்க்ரீனில் தெரியக் கூடாது. ஒவ்வொரு கண்ணையும் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிற டாக்டர். நியாயமான பேச்சு.

அவர் அந்தப் பக்கம் போனதும் மேனேஜர் என்னைத் தனியாக அழைத்துப் போனார். "சார், அவங்க அப்படித்தான் சொல்வாங்க. ஆனா யாராவது பெரிய இடத்துலேருந்து வந்தா, கம்ப்யூட்டரு 'இல்ல'ன்னு சொல்லக் கூடாதுங்க. ஒண்ணு ரெண்டு அட்ஜஸ்ட் பண்ற மாதிரி போட்டுடுங்க."

அட்ஜஸ்ட்! நம் ஊரில் இந்த வார்த்தைக்கு இருக்கிற மரியாதை வேறு எதற்கு இருக்கிறது? ஷேர் ஆட்டோவில் எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒன்பதாவது ஆள் கை காட்டினால் வண்டி நிற்கும். "கொஞ்சம் தள்ளிக்கிங்க" என்பார் டிரைவர். எல்லாரும் தள்ளிக்கொள்வோம். இடம் நிரம்பிவிட்டது என்பதை நாம் யாரும் மனசார ஒப்புக்கொண்டதே கிடையாது.

டாக்டருக்கு முப்பதுக்கு மேல் போகக் கூடாது. மேனேஜருக்கு யாரையும் இல்லை என்று சொல்லக் கூடாது. இரண்டையும் எப்படி ஒன்றாகச் செய்வது? பிரகாஷ் ஒரே நாளில் செய்துவிட்டான். முந்தின வருஷம் ஒரு கேபிள் டிவி ஆபீஸுக்குப் புகார் லிஸ்ட் ஒன்று எழுதியிருந்தான். கடைசியாக வந்த முப்பது புகாரை மட்டும் வைத்துக்கொள்ளும். புதுசாக ஒன்று வந்தால், எல்லாவற்றுக்கும் பழசு தானாகக் கழன்று விழுந்துவிடும். சத்தமே வராது. அதை அப்படியே எடுத்து டோக்கனுக்குப் போட்டுவிட்டான். முப்பதும் தாண்டாது, யாருக்கும் இல்லை என்றும் சொல்லாது. நான் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

கோமதி டெஸ்ட் எழுத உட்கார்ந்தாள். யூனிட் டெஸ்ட் என்று பெயர். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கீழே பாத்திரக் கடையில் குடம் வாங்குகிறவர்கள் தண்ணீர் ஊற்றி, தூக்கிப் பிடித்து, அடியில் ஒழுகுகிறதா என்று பார்ப்பார்களே, அதேதான். முழு புரோகிராமையும் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால், அதில் ஒரு சின்னத் துண்டை மட்டும் தனியாக எடுத்து ஊற்றிப் பார்ப்பது. ஒழுகவில்லை என்றால் ஸ்க்ரீனில் பச்சைக் கோடு வரும். ஒழுகினால் சிவப்பு.

லிஸ்டில் ஒருவருமே இல்லாதபோது 'அடுத்தவர்' என்று அமுக்கினால் என்ன ஆகும்? ஒரே ஒருவர் இருந்தால்? இருபத்தொன்பது? முப்பது? முப்பத்தொன்று? ஒரே ஆள் இரண்டு தடவை வந்தால்? பெயரே இல்லாமல் வெறும் என்டரைத் தட்டினால்? இப்படிக் கேட்டுக்கொண்டே போவாள். "நடுவுல பதினஞ்சு பேரு இருக்கறப்ப எந்த லிஸ்ட்டும் ஒழுங்காத்தான் சார் இருக்கும். தப்பெல்லாம் ஓரத்துலதான் ஒளிஞ்சிருக்கும்" என்பாள்.

மற்றவர்கள் டெஸ்டுக்கு ஏ, பி, சி என்று பெயர் வைப்பார்கள். கோமதிக்கு அது ஆகாது. அடி அண்ணாமலையிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வருகிறவள். கூட வருகிற முப்பது பேரின் பெயரையும் வரிசையாகப் போட்டாள். முதல் பெயர், பூக்கடை மாரியம்மா. முப்பத்தொன்றாவதாக ஒரு ஆளைச் சேர்த்துவிட்டு, புரோகிராமிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். முதல் ஆள் இன்னும் மாரியம்மாதானா?

சிவப்பு. பளிச்சென்று சிவப்பு.

"சார், மாரியம்மாவக் காணோம்" என்றாள்.

நான் சிரித்தேன். "ஏம்மா கோமதி, முப்பத்தொண்ணாவது ஆள் எத்தனை மணிக்கு வருவான்? பதினொண்ணு, பன்னண்டு. அதுக்குள்ள மொத ஆளை டாக்டர் பார்த்து அனுப்பியிருப்பாங்க. வீட்டுக்குப் போய் சாப்டுட்டுத் தூங்கியிருப்பாங்க உன் மாரியம்மா. போற பேர்தானே, போகட்டும்."

"பாக்கலன்னா சார்?"

"அது எப்படிம்மா பார்க்காம இருப்பாங்க?"

"சரிங்க சார். ஆனா டெஸ்ட்டு செவப்பா இருக்கே."

"அப்ப டெஸ்ட்டை மாத்து" என்றேன்.

படித்துவிட்டீர்கள் அல்லவா? இன்னொரு தடவை படியுங்கள். கேஸ் வாசனை வருகிறது என்று சொன்னவளிடம் மூக்கைப் பொத்திக்கொள்ளச் சொன்னேன். அவள் மாற்றினாள். முதல் ஆள் மாரியம்மாவாக இருக்க வேண்டும் என்று இருந்த இடத்தில், இரண்டாவது ஆளின் பெயரைப் போட்டாள். பச்சை வந்துவிட்டது. நானும் டீ சொல்லிவிட்டேன்.

ஏழெட்டு சனிக்கிழமை எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. அட்ஜஸ்ட் பண்ணின ஆள் உள்ளே வரும்போது முதல் ஆள் ஏற்கெனவே மருந்துச் சீட்டோடு வீட்டுக்குப் போயிருந்தார். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை பௌர்ணமியும் சேர்ந்து வந்தது.

பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதிலும் லீவு நாள் பௌர்ணமி. காலையிலேயே வேலூர் ரோட்டில் வண்டிகளை ஊருக்கு வெளியே மறித்துத் திருப்பிவிட்டார்கள். டாக்டரம்மாவின் காரும் அதில் மாட்டிக்கொண்டது. ஒன்பது மணிக்கு வர வேண்டியவர் பதினொன்றரைக்கு வந்தார். அதற்குள் முப்பது டோக்கனும் முடிந்துவிட்டது. முப்பது பேரும் காத்திருக்கிறார்கள். டாக்டர் வருவதற்குள் மேனேஜருக்கு வேண்டிய ஒருவரும் வந்தார். மெட்ராஸிலிருந்து கிரிவலத்துக்கு வந்தவர். நடக்க ஆரம்பிப்பதற்கு இன்னும் நேரம் இருக்கிறதே, வந்தது வந்தோம், கண்ணையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு போய்விடலாம் என்று வந்தாராம்!

அவரைச் சேர்த்தார்கள். கம்ப்யூட்டர் 'இல்லை' என்று சொல்லவில்லை. முப்பதும் தாண்டவில்லை. விடியற்காலையில் பஸ் ஏறிய ஏழுமலை சத்தமில்லாமல் கழன்று விழுந்தார்.

பெயர் கழன்று விழுந்த விதத்தை அந்த சனிக்கிழமை சாயங்காலம், ஏழுமலையும் மல்லிகாவும் எதிரே உட்கார்ந்திருக்க, கோமதி தன் கம்ப்யூட்டரில் எங்களுக்குக் காட்டினாள். முப்பது பெயரைப் போட்டாள். முதல் பெயர் ஏழுமலை. முப்பத்தொன்றாவது பெயரைத் தட்டி என்டரை அமுக்கினாள். பட்டியல் ஒரு படி மேலே நகர்ந்தது. ஏழுமலை இருந்த இடத்தில் வேறு ஒரு பெயர்.

ஏழுமலை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஸ்க்ரீன் பக்கத்தில் குனிந்து பார்த்தார். அந்த எழுத்தை அவர் சுலபமாகப் படித்தார். அந்தக் கண்ணுக்கு என்ன குறை?

டெஸ்ட் ஃபைலையும் திறந்தாள். மாற்றிய வரிக்கு மேலே ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தாள். 'சார் சொன்னதால் மாற்றியது. முதல் ஆள் காணாமல் போகிறார்.' இரண்டு மாதமாக அந்த வரி அங்கேயே இருந்திருக்கிறது. நான் திறந்து பார்த்திருந்தால்தானே?

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. முதலில் மேனேஜர்மேல் வந்தது. பிறகு பிரகாஷ்மேல். அவனைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தபோதுதான், அவன் முதுகில் தட்டிக்கொடுத்த கை யாருடையது என்பது ஞாபகத்துக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது, ஐயா. ஒரு மனிதனின் வேலையும் போய், பதினெட்டு வருஷப் பேச்சு சுத்தமும் போய், அதற்குமேல் 'கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது' என்று அவர் மனைவியிடமே உபதேசம் வேறு!

"இப்ப இன்னா சார் பண்றது? நாளைக்கு ஒரு நாள்தான் இருக்குது" என்றார் மல்லிகா.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஏழுமலையும் மல்லிகாவும் நானும் வேலூர் பஸ் ஏறினோம். டாக்டரம்மா வீட்டு வாசலில் நின்றுகொண்டு நடந்ததைச் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "முப்பதுன்னு சொன்னேனே. முப்பத்தொண்ணு யாரு?" என்று கேட்டார். நான் தலை குனிந்தேன். ஏழுமலையை உட்கார வைத்து அரை மணி நேரம் பரிசோதித்தார். வண்டி ஓட்டலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை முதலாளியிடம் நானும் கூடப் போனேன். லெட்டரைப் படித்தார். திருப்பிப் பார்த்தார். "எல்லாம் சரிதான் சார். அப்ப சனிக்கிழமை லிஸ்ட்ல ஏன் இவன் பேர் இல்ல? கம்ப்யூட்டர்ல இருந்தா இருக்கு, இல்லன்னா இல்லதானே?"

பாருங்கள். எதிரே உயிரோடு ஆள் நிற்கிறார், கையில் டாக்டர் லெட்டர் இருக்கிறது. இருந்தும் அவருக்குப் பெட்டிமேல்தான் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை வளர்த்துவிட்டவர்கள் யார்? என்னைப் போன்றவர்கள்தான்.

"இவர் பேர் இருந்துச்சுங்க. முதல் பேரா இருந்துச்சு. அதை அடிச்சது நான்" என்றேன்.

"நீங்க எதுக்கு சார் அடிச்சீங்க?"

முப்பத்தொன்றாவது ஆள் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு முதலாளி சாவியை எடுத்து ஏழுமலை கையில் கொடுத்தார். ஏழுமலை வாங்கிக்கொண்டு, "நான் வந்தேன்னு இப்பவாவது நம்பறீங்களாங்க?" என்று மட்டும் கேட்டார். முதலாளி தலையை ஆட்டினார். வேலை திரும்பக் கிடைத்ததைவிட அந்தத் தலையாட்டல்தான் அவருக்குப் பெரிசாக இருந்தது என்று எனக்குத் தோன்றியது.

இவ்வளவு நாளாக எனக்கு இது உறைக்கவே இல்லை, பாருங்கள். யாரையாவது உள்ளே விடும்போது, ஒரு உதவி செய்தோம் என்று மட்டும் நினைத்துக்கொள்கிறோம். முப்பது பேருக்கான இடத்தில் முப்பத்தொன்றாவது ஆள் உட்கார்ந்தால், எழுந்து போனவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். நம் கண்ணுக்கு அவர் தெரிவதில்லை. நம்மிடம் வந்து கேட்டவர் தெரிகிறார், அவர் சிரித்த முகம் தெரிகிறது, அவர் சொன்ன தேங்க்ஸ் காதில் விழுகிறது. கழன்று விழுந்தவர் பேசாமல் பெஞ்சில் உட்கார்ந்து, "கூப்புடுவாங்க" என்று நம்பிக்கொண்டே இருக்கிறார். ரேஷன் கடையிலிருந்து காலேஜ் அட்மிஷன் வரைக்கும் இதே கதைதான். அங்கெல்லாம் போய்க் கேட்க ஒரு கோமதிகூட இல்லை.

அன்று சாயங்காலமே கோமதி டெஸ்டைப் பழையபடி மாற்றினாள். மாரியம்மாவை முதல் இடத்தில் உட்கார வைத்தாள். பிரகாஷ் பழைய லிஸ்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசாக எழுதினான். சீட்டில் தேதியும் பெயரும் ஏறிவிட்டன. முப்பத்தொன்றாவது ஆள் வந்தால் இனிமேல் எதுவும் தானாகக் கழன்று விழாது. அதற்குப் பதிலாக ஸ்க்ரீனில் ஒரு கேள்வி வரும்: 'இடம் இல்லை. இவரைச் சேர்க்க யாரைத் திருப்பி அனுப்புவது?' கீழே காத்திருக்கும் முப்பது பேரின் பெயர்களும், கொட்டை எழுத்தில். ஒரு பெயரை அமுக்கினால்தான் மேலே போகும். யார் பெயரையும் அமுக்காவிட்டால் முப்பது பேரும் அப்படியே இருக்கிறார்களா என்று கோமதி அதற்கும் ஒரு டெஸ்ட் எழுதினாள். டாக்டரம்மாவிடம் போனில் கேட்டுக்கொண்டுதான் இதைச் செய்தோம். "போடுங்க" என்றார்.

அடுத்த சனிக்கிழமை பதினொரு மணிக்கு மேனேஜரிடமிருந்து போன்.

"சார், இன்னா சார் இப்படிப் பண்ணிட்டீங்க? பெரிய இடம் சார். பக்கத்துலயே நின்னுனு இருக்காரு. கம்ப்யூட்டரு யாரத் திருப்பி அனுப்பறதுன்னு கேக்குது."

"பேரை அமுக்குங்க சார். எடுத்துக்கும்."

"யார் பேர சார் அமுக்கறது? முப்பது பேரும் எதுருலயே உக்காந்துனு என்னையே பாக்கறாங்க... அந்தக் கேள்விய எடுத்துடுங்க சார். ரொம்ப சங்கடமா கீது."

இருக்கட்டும் சார். இத்தனை நாள் அந்தச் சங்கடத்தை முதல் டோக்கன்காரர் ஒருவரே பட்டுக்கொண்டிருந்தார்.